ஏஜென்சியை எடுத்துவிட்டால்: விநியோக ஒப்பந்தத் தகராறில் சட்டம் எதைத் தரும், எதைத் தராது

ஒரு நாள் காலை மின்னஞ்சலில் கடிதம் வரும். ஒப்பந்தத்தின் இன்ன ஷரத்துப்படி, இன்றிலிருந்து முப்பதாவது நாள் உங்கள் விநியோக உரிமை முடிகிறது என்று இரண்டே பத்தி. அடுத்த வாரம் அதே கடைத்தெருவில் வேறொருவரின் வேன் நின்று பில் போட்டுக்கொண்டிருக்கும். பழைய விநியோகஸ்தரின் குடோனில் சரக்கு கிடக்கும், கடைகளில் பாக்கி நிற்கும், கம்பெனியிடம் கிளெய்மும் (கம்பெனிக்காகச் செலவழித்துத் திரும்ப வர வேண்டிய பணம்) டெபாசிட்டும் மாட்டியிருக்கும். போதாததற்கு, தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த செக் ஒன்றும் கம்பெனியின் அலமாரியில் இருக்கும்.

அந்த நிலையில் வக்கீலிடம் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்டே வாங்க முடியுமா?" என்பதுதான். பெரும்பாலும் முடியாது. பணத்தை வாங்க முடியுமா என்றால், முடியும். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பது அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே சேர்த்து வைத்த காகிதங்களைப் பொறுத்தது. இந்த வித்தியாசம் புரியாமல் தடையாணைக்காக இரண்டு வருடம் அலைந்து, அதற்குள் கணக்கைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனவே அடிப்படையிலிருந்து வருவோம்.

வாங்கி விற்பவரா, ஏஜென்ட்டா?

நாம் எல்லாவற்றையும் 'ஏஜென்சி' என்றுதான் சொல்கிறோம். கடையின் போர்டிலும் அதுதான் இருக்கும். சட்டத்தில் அவை இரண்டு வேறு உறவுகள்.

1. விநியோகஸ்தர்: கம்பெனியிடம் விலை கொடுத்து சரக்கை வாங்கித் தன் பெயரில் பில் போட்டு விற்பவர். சரக்கு அவருடையது, கடை பாக்கி வராமல் போனால் அந்த நஷ்டமும் அவருடையது.

2. ஏஜென்ட்: கம்பெனியின் சரக்கைக் கம்பெனிக்காக விற்றுக் கமிஷன் வாங்குபவர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182-ஆம் பிரிவிலிருந்து வரும் விதிகள் இவருக்கு உண்டு. உதாரணமாக, குறித்த காலத்துக்கான ஏஜென்சியைத் தகுந்த காரணமில்லாமல் இடையில் முறித்தால் 205-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. 206-ஆம் பிரிவு நியாயமான முன்னறிவிப்பு கேட்கிறது.

எது என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பு முடிவு செய்யாது. போபால் சுகர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: பெயரைப் பார்க்காதே, சரக்கின் உரிமை யாருக்கு மாறுகிறது, ஷரத்துகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார். மளிகை, பிஸ்கட், சோப்பு, மருந்து என்று நம் ஊர்களில் நடக்கும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை வாங்கி விற்கும் வகை. ஆகவே ஏஜென்ட்டுக்கு உள்ள பாதுகாப்பு தனக்கும் உண்டு என்று நம்பி வழக்கைக் கட்டினால், முதல் விசாரணையிலேயே அது ஆட்டம் காணும்.

ஏன் ஸ்டே கிடைப்பதில்லை

1963-ஆம் ஆண்டின் 'குறித்த நிவாரணச் சட்டம்' (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்), அதன் 14-ஆம் பிரிவில், சில ஒப்பந்தங்களை அப்படியே நிறைவேற்றும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்கிறது. தன்மையிலேயே முடித்துக்கொள்ளக் கூடிய ஒப்பந்தம் அதில் ஒன்று. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் மீறலைத் தடுக்கத் தடையாணையும் கிடையாது என்று 41-ஆம் பிரிவு கதவைச் சாத்துகிறது. 'எந்தத் தரப்பும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம்' என்ற ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அது இந்த வகைக்குள் வந்துவிடும்.

இதற்கு அடித்தளமான தீர்ப்பு ஒரு சமையல் எரிவாயு ஏஜென்சியைப் பற்றியது. இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸுக்கும் இடையிலான வழக்கு. புகார்களைக் காரணம் காட்டி விநியோக உரிமையை நிறுவனம் ரத்து செய்தது. தகராறைத் தீர்க்க நீதிமன்றத்துக்கு வெளியே நியமிக்கப்பட்ட நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) அந்த ரத்து தவறு என்று கண்டு, உரிமையைத் திருப்பித் தரச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 1990-இல் அதை ஏற்கவில்லை. ரத்து தவறு என்ற முடிவை அப்படியே வைத்துக்கொண்டாலும், காரணமே சொல்லாமல் 30 நாள் நோட்டீஸில் முடிக்க ஒப்பந்தத்தில் தனி ஷரத்து இருந்தது. அதனால் விநியோகஸ்தருக்குக் கிடைக்கக் கூடியது அந்த 30 நாளில் அவர் சம்பாதித்திருக்கக் கூடிய தொகை மட்டும். ரத்து தவறு என்று நிரூபித்த பிறகும் கையில் வந்தது ஒரு மாத வருமானம்.

ஒப்பந்தத்தில் ரத்து ஷரத்தே இல்லையென்றால்? தனியார் இருவருக்கிடையிலான வணிக ஒப்பந்தம் அப்போதும் முடித்துக்கொள்ளக் கூடியதே என்று டெல்லி உயர் நீதிமன்றம் ராஜஸ்தான் புரூவரீஸ் வழக்கில் 2000-இல் கூறியது.

இது கடுமையான சட்டம்தான். பதினைந்து வருடம் ஒரு பிராண்டைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு அந்த உழைப்பின் மதிப்பு எந்தப் பிரிவிலும் வரவு வைக்கப்படுவதில்லை. சில நாடுகளில் விநியோகஸ்தரைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் முதலில் பார்க்க வேண்டிய ஷரத்து நோட்டீஸ் காலம்தான். 30 நாளை 90 நாளாக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. பின்னால் கிடைக்கும் இழப்பீட்டின் அளவை அந்த எண்தான் நிர்ணயிக்கிறது.

ஒரு விலக்கும் உண்டு. 'ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை இந்தப் பகுதியில் வேறொருவரை நியமிக்க மாட்டோம்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வாக்கை மீறாமலிருக்க குறித்த நிவாரணச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின் கீழ்த் தடையாணை கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகு இது உதவாது.

பணம்: எந்தக் கணக்கு நிற்கும்

தகராறின் உயிர் இங்கேதான். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் பிஸ்கட் விநியோகம் செய்தவர், ரத்தான பிறகு 62 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறார். அதன் பிரிவினை இப்படி இருக்கிறது:

1. டெபாசிட் 5,00,000
2. வராத கிளெய்ம்கள் 11,40,000
3. குடோனில் உள்ள சரக்கு 9,60,000
4. வேனும் ரேக்கும் 6,00,000
5. அடுத்த ஐந்து வருட லாபம் 30,00,000

கம்பெனியோ கடைசி மூன்று பில்லுக்கு அவர்தான் 14,00,000 தர வேண்டும் என்கிறது.

ஐந்தாவது வரி அமிர்தசரஸ் தீர்ப்பிலேயே விழுந்துவிடும். நோட்டீஸ் காலம் ஒரு மாதம், நிகர லாபம் மாதம் 60,000 என்றால், நோட்டீஸே தராமல் நிறுத்தியிருந்தால் மட்டும் அந்த 60,000 கிடைக்கும். வேனும் ரேக்கும் வேறு பிராண்டுக்கும் பயன்படும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்புக்கு மட்டுமே இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவர் தன் நஷ்டத்தைக் குறைக்க என்ன செய்தார் என்பதையும் பார்க்கிறது.

முதல் மூன்று வரிகள் வேறு ரகம். டெபாசிட்டை 'ஒப்பந்த மீறல்' என்று சொல்லிக் கம்பெனி பிடித்துக்கொண்டால், 74-ஆம் பிரிவு வருகிறது. கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, உண்மையில் நஷ்டம் ஏற்படாத இடத்தில் முன்பணத்தை அப்படியே விழுங்க முடியாது. சரக்கைப் பொறுத்தவரை, 'முடியும்போது விற்கத் தகுந்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்ற ஷரத்தோ மின்னஞ்சலோ இருந்தால் நிற்கும். எதுவும் இல்லையென்றால் சரக்கு விநியோகஸ்தரின் தலையில்தான். இவரிடம் ஷரத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கிளெய்ம்தான் பெரிய சிக்கல். ஸ்கீம் கிளெய்ம், டேமேஜ், எக்ஸ்பயரி, டிஸ்ப்ளே வாடகை, சேல்ஸ்மேன் சம்பளத்தில் கம்பெனி பங்கு என்று பல தலைப்பு. "பன்னிரண்டுக்கு ஒன்று ஃப்ரீயாகப் போடுங்க, கிளெய்ம் பார்த்துக்கலாம்" என்று சேல்ஸ் ஆபீசர் போனில் சொல்வார். மாதக் கடைசி, டார்கெட் முடிய வேண்டும், கடைக்குச் சரக்கு போய்விடும். ஆறு மாதம் கழித்து அவர் வேறு கம்பெனியில் இருப்பார். எக்ஸ்பயரியானால், பாக்கெட்டின் வாயை வெட்டி, எண்ணி, போட்டோ எடுத்து, அழித்ததற்கு ஆபீசரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத எக்ஸ்பயரி கிளெய்ம் வெறும் சொல்லாகிவிடும். நம் விநியோகஸ்தரின் 11,40,000-இல் ஒப்புதல் மின்னஞ்சலோ சர்க்குலரோ இருப்பது 7,20,000-க்கு மட்டும் என்றால், உறுதியான கணக்கு இப்படி வரும்: 5,00,000, 7,20,000, 9,60,000 சேர்த்து 21,80,000. அதில் 14,00,000 போக 7,80,000. நோட்டீஸே தரவில்லையென்றால் 60,000 கூடி 8,40,000. கிளெய்மில் மீதி 4,20,000 சாட்சியைப் பொறுத்தது.

62 லட்சத்துக்கும் 8,40,000-க்கும் இடையிலான தூரத்தை முதல் சந்திப்பிலேயே சொல்கிற வக்கீல் கட்சிக்காரருக்குப் பெரிய உதவி செய்கிறார். கேட்கும் தொகை ஏற ஏற நீதிமன்றக் கட்டணமும் நடுவரின் கட்டணமும் ஏறும்.

இதோடு வரிக் கணக்கும் ஒட்டிக்கொண்டு வரும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் குறைந்தபோது, பழைய வரியில் வாங்கி வைத்த சரக்கின் வித்தியாசம் யாருடையது என்ற கேள்வி குடோன் வைத்திருந்த எல்லோருக்கும் எழுந்தது. அப்படிப்பட்ட வித்தியாசத்தைக் கம்பெனி எழுத்தில் ஏற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக, வரியோடு சேர்ந்த கிரெடிட் நோட்டை (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு), சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கம்பெனி கணக்கில் காட்டியாக வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் வரிப் பகுதி தனித் தகராறாகிவிடும்.

காலவரம்பு மூன்று ஆண்டு. அது ஓடி முடிவதற்குள் கம்பெனி 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. வருடா வருடம் வாங்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதத்தின் மதிப்பு இதுதான். கிளெய்மை எத்தனை நாளில் சமர்ப்பிக்க வேண்டும் என்ற நடைமுறை விதி வேறு. வழக்குப் போடும் காலத்தையே ஆறு மாதமாகச் சுருக்கும் ஷரத்து வேறு. இந்த இரண்டாவது வகை ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி செல்லாது.

அலமாரியில் இருக்கும் செக்

தகராறு முற்றினால் கம்பெனி முதலில் எடுப்பது இதைத்தான். செக் திரும்பினால், 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-ஆம் பிரிவில் புகார். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் என்பதால், சிவில் பாக்கி கிரிமினல் நெருக்கடியாக மாறுகிறது.

'செக்யூரிட்டிக்குக் கொடுத்தது' என்பது மட்டுமே தப்பிக்கும் வழியல்ல. கடன் நிலுவையில் இருந்தால் அந்தச் செக்குக்கும் 138 பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் 2022-இல் தஷ்ரத்பாய் படேல் வழக்கில் இன்னொரு பக்கமும் தெளிவானது: செக்கை வங்கியில் போடும் நாளில் அந்தத் தொகை முழுதும் சட்டப்படி வர வேண்டிய கடனாக இருக்க வேண்டும். இடையில் ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் 138 நிற்காது. ஆகவே ரத்துக் கடிதம் வந்த வாரமே, 'எங்கள் கணக்குப்படி பாக்கி இவ்வளவு, நீங்கள் தர வேண்டியது இவ்வளவு, கையிலுள்ள இன்ன எண் செக்கைத் திருப்பித் தாருங்கள்' என்று பதிவுத் தபாலில் எழுதுவது அவசரமான வேலை. செக் திரும்பிய பிறகு எழுதும் கடிதத்தை யாரும் அந்த அளவு நம்ப மாட்டார்கள்.

எந்த ஊரில் வழக்கு?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு வரி, பல வழக்குகளை ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறது. மூன்று வழக்குகளைப் பார்க்கலாம்.

1. சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தின் ஏ.பி.சி. லேமினார்ட் கம்பெனியிடம் ஜரிகை நூல் வாங்கும் ஒப்பந்தம் செய்திருந்தது. 'கைரா நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது' என்று ஷரத்து. சேலத்தில் போட்ட வழக்கு செல்லுமா என்ற கேள்விக்கு, மற்ற நீதிமன்றங்களை அந்த ஷரத்து தெளிவாக விலக்கவில்லை, சேலத்தில் நடத்தலாம் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2. ஜெய்ப்பூரில் லூப்ரிகன்ட் விற்ற ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் ஷரத்து கொல்கத்தாவைச் சொன்னது. 'மட்டும்' என்ற சொல் இல்லை. 2013-இல் நீதிமன்றம், ஒரு ஊரைக் குறிப்பிட்டாலே மற்றவற்றை விலக்கியதாகத்தான் பொருள் என்றது. சேலத்துக்காரருக்குக் கிடைத்த வழி இப்போது மிகவும் குறுகிவிட்டது.

3. சென்னையின் இண்டஸ் மொபைல் டிஸ்ட்ரிபியூஷன், டேட்டாவிண்ட் நிறுவனத்தின் கைபேசிகளை விற்றது. சரக்கு டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்தது. ஒப்பந்தத்திலோ, நடுவர் விசாரணைக்கான இடம் மும்பை. அங்கே ஒரு பில்கூடப் போடப்படவில்லை என்றாலும் மும்பை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று 2017-இல் தீர்ப்பு.

திண்டுக்கல் விநியோகஸ்தர் எட்டு லட்சத்துக்காக மும்பைக்கு எத்தனை முறை ரயில் ஏறுவார்? கம்பெனிகள் அந்த வரியை எழுதுவதன் பலன் அதுதான்.

எந்தக் கதவைத் தட்டுவது

1. நடுவர் விசாரணை. ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் அங்கேதான் அனுப்பும். 'எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிப்பவரே நடுவர்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் 2019-இல் தீர்ப்பாகிவிட்டது. உயர் நீதிமன்றத்திடம் நியமனம் கேட்கலாம். நடுவர் வேண்டும் என்று கோரும் கடிதம் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளே விசாரணை தொடங்கிய நாள். காலவரம்புக் கணக்கு அங்கே நிற்கும். வெறும் வக்கீல் நோட்டீஸ் அந்த வேலையைச் செய்யாது.

2. வணிக நீதிமன்றம். நடுவர் ஷரத்து இல்லையென்றால் 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம். விநியோக ஒப்பந்தம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. மதிப்பு 3 லட்சத்துக்குக் குறையக் கூடாது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கு என்றால், முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரச முயற்சி கட்டாயம். 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக்கியது. மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் இரண்டு. அங்கே எட்டும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலிமை உண்டு. எட்டு லட்சத் தகராறுக்கு இந்த மேசையே போதும் என்பது என் கருத்து.

3. சிறுதொழில் வழி. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை விநியோகஸ்தர்கள் தங்கள் ஆயுதம் என்று தவறாக எண்ணுகிறார்கள். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யம் எனும் சிறுதொழில் பதிவில் சேர்த்தது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். மாறாக, சிவகாசியிலோ ஈரோட்டிலோ இருக்கும் சிறு உற்பத்தியாளர், பணம் தராத விநியோகஸ்தர் மேல் இதைப் பயன்படுத்தலாம்.

4. திவால் சட்டம். பாக்கி குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும், முன்பே தகராறு இருந்திருக்கக் கூடாது. ஆனால் கம்பெனியே திவாலானால் டெபாசிட் பற்றிய ஒரு தீர்ப்பு முக்கியம். பீர் விற்பனை ஊக்குவிப்பாளர் ஒருவர் கட்டிய டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 21 சதவீத வட்டி என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் அது நிதிக் கடன் என்று சாச் மார்க்கெட்டிங் வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படிப்பட்டவருக்குக் கடன் கொடுத்தோர் குழுவில் இடம் உண்டு. வட்டி என்று ஒரு வரி இருந்ததால் வந்த இடம் அது.

கம்பெனி குறைந்தபட்ச மறுவிற்பனை விலையைக் கட்டாயப்படுத்தினால் அது போட்டிச் சட்டத்தின் விஷயம். டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசூகிக்கு 2021-இல் போட்டி ஆணையம் 200 கோடி அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. தனி விநியோகஸ்தரின் பாக்கியை வசூலிக்கும் வழி இது அல்ல.

வக்கீலிடம் கொண்டுபோக வேண்டியவை

ஒப்பந்தமும் அதன் புதுப்பித்தல் கடிதங்களும், இரு பக்க லெட்ஜர், கிளெய்ம் அனுப்பிய தேதியும் பதிலும் கொண்ட ஒரு பட்டியல், ரத்துக் கடிதம் வந்த அன்றைய ஸ்டாக் எண்ணிக்கை, செக் எண்கள். இவை இருந்தால் ஒரே சந்திப்பில் நிலவரம் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குழு. ஸ்கீம் அறிவிப்பு, டார்கெட் நெருக்கடி, 'கிளெய்ம் அப்ரூவ்டு' என்ற ஒற்றை வரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். ஏஜென்சி போன அன்றே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆகவே அதற்கு முன்பே உரையாடலை ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது. போனையும் மாற்றாமல், அழிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தாள் வரும். புது விநியோகஸ்தரை நியமிக்கும்போது பழையவரிடம் என்.ஓ.சி. வாங்குவது பல கம்பெனிகளின் வழக்கம். 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, முழுக் கணக்கும் தீர்ந்தது' என்ற வரி அதில் இருக்கும். "கையெழுத்துப் போடுங்க, செட்டில்மென்ட் அடுத்த வாரம் வந்துரும்" என்பார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு அதில் கையெழுத்திடலாம். அதற்கு முன் கேட்டால், 'இன்ன இன்ன தொகை நிலுவையில் இருக்கிறது' என்று அதே தாளில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து.